25,000 ரூபாய்க்குள் எந்த போன்? மூன்றாம் வருஷத்திலிருந்து பார்த்தால் பதில் மாறும்

கேள்வி கேட்டிருக்கும் சகோதரியின் நிலைமை இது. வீடு ஓசூரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டி, பிறகு பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, அங்கிருந்து மெட்ரோ. கையில் 25,000 ரூபாய். வாங்கும் போன் நான்கு வருஷமாவது ஓட வேண்டும். மகள் பள்ளி விழாவில் ஆடுவதைப் படம் எடுக்க வேண்டும், ஜிபே, பேங்க் ஆப், ஆபீஸ் மெயில் வேண்டும். கேம் விளையாடுவதில்லை. பார்த்து வைத்திருப்பவை நான்கு: சாம்சங் கேலக்ஸி ஏ26, நத்திங் போன் 3ஏ, மோட்டோரோலா எட்ஜ் 60 ஃப்யூஷன், விவோ டி4. ஆபீஸில் ஒருவர், "இதெல்லாம் எதுக்கு, செகண்ட் ஹாண்ட் ஐபோன் 13 எடுங்க" என்கிறாராம். எதை எடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்கு ஏ26. அது மந்தமாகத் தெரிந்தாலோ மேடைப் படம்தான் முக்கியம் என்றாலோ நத்திங் 3ஏ. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பெங்களூர் அல்சூரில் பதினாறு வருஷமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்குப் புது போன் வருவதில்லை. ஒன்றரை வருஷம், இரண்டரை வருஷம், நான்கு வருஷம் உழைத்த போன்தான் வரும். விளிம்பில் பஞ்சு சேர்ந்து, சார்ஜிங் துளை தளர்ந்து, பவுச் மஞ்சளாகி வரும். அதனால் ஒரு புது மாடலைக் கையில் எடுத்தாலே, மூன்றாம் வருஷத்தில் இது என் மேஜையில் எப்படி வந்து உட்காரும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். கடையில் வாங்கும் நாளன்று இந்த நான்கும் அழகாகத்தான் இருக்கும், வேகமாகத்தான் ஓடும். ஒன்றை விட்டு ஒன்று பிரிவது பிற்பாடுதான்.

அப்டேட்டிலிருந்து தொடங்குகிறேன். புது எமோஜியும் புது வால்பேப்பரும் வருவதற்குத்தான் அப்டேட் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை வீட்டுப் பூட்டு மாதிரி பார்க்கிறேன். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் செக்யூரிட்டி பேட்ச் வருகிறது. அது நின்றுபோன போனில் சம்பளக் கணக்கை வைத்திருப்பது தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் நகையை வைப்பதுதான். ஆண்ட்ராய்டு பதிப்பு பழசாகும்போது ஆப்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். "அண்ணா, போன் நல்லாத்தான் இருக்கு, பேங்க் ஆப் மட்டும் திறக்க மாட்டேங்குது" என்று வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. உடைந்த கண்ணாடியை மாற்றலாம், கம்பெனி நிறுத்திய அப்டேட்டை எந்தக் கடைக்காரனும் கொண்டுவர முடியாது.

2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு 7 வருஷ அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24-க்கு அதே 7 வருஷம் வந்தது. அந்தப் போட்டி மெதுவாக நடுத்தர விலைக்கும் இறங்கியதால்தான் இன்று நமக்கு இந்தப் பேச்சே இருக்கிறது. உங்கள் பட்டியலில் ஏ26-க்கு 6 ஆண்ட்ராய்டு பதிப்புகள், 6 வருஷ செக்யூரிட்டி. நத்திங் 3ஏ-க்கு 3 பதிப்புகள், 6 வருஷ செக்யூரிட்டி. மோட்டோவுக்கு 3 பதிப்புகள், 4 வருஷம். விவோ டி4-க்கு 2 பதிப்புகள், 3 வருஷம். நான்கும் 2025 மார்ச், ஏப்ரலில் வெளியானவை. இந்தக் கணக்கு நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, போன் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்படியென்றால் விவோவுக்கு 2028-இல் முடிகிறது, மோட்டோவுக்கு 2029-இல், மற்ற இரண்டுக்கும் 2031-இல். நான்கு வருஷம் ஓட வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகு விவோ டி4-ஐ உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல போன்தான், ஆனால் உங்கள் கணக்குக்குள் அடங்கவில்லை.

அடுத்தது டிஸ்ப்ளே. என் கடை வாடகையே டிஸ்ப்ளே மாற்றும் வேலையில்தான் ஓடுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மோட்டோ, விவோ இரண்டின் திரையும் நான்கு பக்கமும் வளைந்தது. ஷோரூம் விளக்கில் தண்ணீர் ததும்புவது போல இருக்கும். நத்திங், ஏ26 இரண்டும் தட்டை. வளைந்த திரை கைதவறி விழும்போது முதலில் தரையைத் தொடுவது கண்ணாடியின் விளிம்பு. தட்டைத் திரையில் சட்டமும் பவுச்சும் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். அதோடு வளைந்த திரைக்குச் சாதாரண டெம்பர் கிளாஸ் உட்காராது, ஓரம் தூக்கிக்கொண்டே இருக்கும். அதற்காக யூவி பசை ஊற்றி ஒட்டும் டெம்பர் வந்திருக்கிறது. திரையின் மேல் பசையை ஊற்றி, கண்ணாடியை வைத்து, நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்குவார்கள். அவசரத்தில் ஒட்டினால் அந்தப் பசை வழிந்து வால்யூம் பட்டனிலும் காது ஸ்பீக்கரிலும் இறங்கிக் காய்ந்துவிடும். பட்டன் அமுங்கவில்லை, பேசுவது கேட்கவில்லை என்று அப்படி வந்த போன்களைக் குண்டூசி முனையால் மணிக்கணக்கில் சுரண்டியிருக்கிறேன்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். இருபதாயிரம் ரூபாய் போனுக்கு, புள்ளிகள் தாமாகவே ஒளிரும் ஒரிஜினல் அமோலெட் டிஸ்ப்ளே ஏழாயிரம், எட்டாயிரம் என்று வரும்போது பலர் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் காப்பிக்குப் போகிறார்கள். மலிவான காப்பி பெரும்பாலும் பின்னாலிருந்து விளக்கடிக்கும் எல்சிடி. அதைப் போட்டால் கருப்பு சாம்பலாகத் தெரியும், வெயிலில் மங்கும், அதைவிட முக்கியமாகத் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது. அந்த சென்சார் அமோலெட் திரையை ஊடுருவித்தான் விரலைப் பார்க்கும், எல்சிடிக்குப் பின்னால் அதற்குக் கண் தெரியாது. நத்திங், மோட்டோ, விவோ மூன்றிலும் கைரேகை திரைக்குள்தான் இருக்கிறது. ஏ26-இல் பக்கவாட்டு பவர் பட்டனில் இருக்கிறது. விளம்பரத்தில் இது பழைய பாணி என்று தள்ளப்படும். மூன்றாம் வருஷத்தில், மாசக் கடைசியில், டிஸ்ப்ளே உடைந்து, கையில் இருக்கும் காசுக்கு ஒரு காப்பியைப் போட்டுச் சமாளிக்க வேண்டிய நாளில் அந்தப் பழைய பாணிதான் உங்கள் பேங்க் ஆப்பை ஒரு தொடுதலில் திறந்துவிடும். சாம்சங்குக்கு இன்னொரு வசதி, சர்வீஸ் பேக் என்று நாங்கள் சொல்லும் கம்பெனி டிஸ்ப்ளே சந்தையிலும் கிடைக்கும். சில கம்பெனிகளுக்கு அவர்களின் சென்டரை விட்டால் வேறு வழியே இருக்காது.

எனவே வாங்கும் முன்பே இரண்டு விஷயத்தைப் பாருங்கள். கம்பெனி இணையதளத்தில் ஓசூர் பின்கோடு போட்டு சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த மாடலின் டிஸ்ப்ளே விலையையும் கேளுங்கள், பல கம்பெனிகள் உதிரிபாக விலையைத் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ரைட் டு ரிப்பேர் தளத்திலும் கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. டிஸ்ப்ளே விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்த மாடலை யோசித்துத்தான் எடுப்பேன்.

எங்கள் சோமேசுவரர் கோயில் பக்கம் பூ கட்டும் ஒரு அம்மா இருக்கிறார். பேத்தி வாங்கிக் கொடுத்த போன், பெரிய கம்பெனிதான், பெயர் வேண்டாம். ஒருநாள் அப்டேட் போட்ட மறுநாள் காலை திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. வாரண்டி முடிந்து நான்கு மாதம். சென்டரில் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். பிரித்துப் பார்த்தேன், திரையை போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பட்டையைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், கோடு போகவில்லை. டிஸ்ப்ளேதான் மாற்ற வேண்டும். "கோடு இருந்தா இருக்கட்டும்பா, க்யூஆர் தெரியுதுல்ல" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் பக்கத்தில் ஒரு ரோஸ் கோடு. அமோலெட் திரைகளில் இந்தக் கோடு பிரச்சினை பல கம்பெனிகளின் போன்களிலும் வந்திருக்கிறது, சிலர் வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. நீங்கள் எந்த போனை எடுத்தாலும் அந்த மாடல் பெயரோடு "பச்சைக் கோடு" என்று சேர்த்து ஒருமுறை தேடிப் பாருங்கள். வெளியாகி ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன மாடலை எடுப்பதில் உள்ள லாபமே இதுதான், குறை இருந்தால் அதற்குள் வெளியே வந்திருக்கும்.

பேட்டரி விஷயத்தில் விவோவுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 7,300 எம்ஏஎச். மோட்டோ 5,500. நத்திங்கும் ஏ26-உம் 5,000. புதிதாக வரும் சிலிக்கான் கார்பன் பேட்டரிதான் இதற்குக் காரணம். வழக்கமான பேட்டரியில் இருக்கும் கிராஃபைட்டைவிட சிலிக்கான் அதிக லித்தியத்தைப் பிடித்துவைக்கும், அதே அளவு இடத்தில் அதிக சார்ஜ் நிற்கும். பேட்டரி நாளாக நாளாக இறங்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி இருக்கிறது: 800 முறை முழுசாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை என்றாலும் கணக்குப் போட அந்த அளவுகோல் உதவும். 80 சதவீதத்துக்கு இறங்கிய விவோவில் 5,840 மிஞ்சும், அது புது ஏ26-ஐவிட அதிகம். ஏ26 அதே அளவு இறங்கினால் 4,000.

உங்கள் பயணத்தில் இது சின்ன விஷயமில்லை. அத்திப்பள்ளியில் உங்கள் சிம் தமிழ்நாட்டு நெட்வொர்க் வட்டத்திலிருந்து கர்நாடக நெட்வொர்க் வட்டத்துக்கு மாறும். பஸ் ஓட ஓட டவரும் மாறிக்கொண்டே இருக்கும். சிக்னலைத் தேடித் தேடி போன் சார்ஜைத் தின்னும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒன்றரை நாள் நிற்கும் பேட்டரி உங்களுக்கு ஒரு நாள்தான் நிற்கும். அப்படியும் நான் ஏ26 என்று சொல்வதற்குக் காரணம், பேட்டரியை மாற்றிவிடலாம். மூன்றாம் வருஷம் கம்பெனி சென்டரில் சில ஆயிரங்களுக்குள் முடியும் வேலை அது. நின்றுபோன அப்டேட்டை அப்படி மாற்ற முடியாது. ஆபீஸில் மதியம் அரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளும் வசதி உங்களுக்கு இருந்தால் 5,000 போதும். இல்லையென்றால், மாலையில் தனியாக வீடு திரும்பும்போது போன் அணைந்துபோகும் பயம் உங்களுக்கு உண்டென்றால், மோட்டோவைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். நடுவழியில் அணையும் போன் எத்தனை வருஷம் அப்டேட் வாங்கினாலும் பயனில்லை.

மேஜையில் பேட்டரி ஊதிய போன் வரும்போது பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும், நகத்தை விட்டால் நுழையும். கேட்டால் பெரும்பாலும் ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டவர்கள். சூடுதான் எதிரி. எந்த போனை எடுத்தாலும் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, வீட்டில் இருக்கும் நாட்களிலாவது போட்டுவிடுங்கள்.

சார்ஜர் விஷயத்தை விலையோடு சேர்த்துப் பாருங்கள். மோட்டோ பெட்டியில் 68 வாட் சார்ஜரும், விவோ பெட்டியில் 90 வாட் சார்ஜரும் வரும். நத்திங்கிலும் சாம்சங்கிலும் வராது, தனியாக வாங்க வேண்டும். ஏ26 ஏற்றுக்கொள்வதே 25 வாட்தான், காலையில் குளித்துவிட்டு வருவதற்குள் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மழை. ஸ்கூட்டி ஓட்டுகிறீர்கள், ஓசூர் மழையும் பெங்களூர் மழையும் சொல்லிவிட்டு வருவதில்லை. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஐபி எண். மோட்டோவுக்கு ஐபி68, ஐபி69 இரண்டும் இருக்கின்றன. ஏ26-க்கு ஐபி67, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம். விவோவுக்கு ஐபி65. நத்திங்குக்கு ஐபி64, தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், முழுகினால் தாங்காது. இந்த எண் புது போனுக்குத்தான், அதுவும் ஆய்வகத்தின் நல்ல தண்ணீரில். ஒருமுறை என்னைப் போன்றவன் பின்மூடியைத் திறந்துவிட்டால், நான் எத்தனை கவனமாக பி7000 பசை வைத்து ஒட்டினாலும் கம்பெனி போட்ட சீல் திரும்ப வராது. தண்ணீர் போனால் சாதாரண வாரண்டியிலும் வராது. சிம் டிரேயைக் கழற்றி டார்ச் அடித்தால் பல போன்களில் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும், ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். ஐபி67 இருக்கிறதே என்று மழையில் கையில் பிடித்துக்கொண்டு மேப் பார்க்காதீர்கள், சீட்டுக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

ப்ராசஸரைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. நீங்கள் சொன்ன வேலைக்கு நான்குமே போதும். பெயரைப் பார்த்து மயங்காமல் இருந்தால் சரி, ஸ்னாப்டிராகன் 7 என்று தொடங்கும் சிப்களில் 7எஸ் ஜென் 3-க்கும் 7 பிளஸ் ஜென் 3-க்கும் இடையே பெரிய தூரம். நத்திங், விவோ இரண்டிலும் 7எஸ் ஜென் 3 இருக்கிறது, மோட்டோவில் டைமன்சிட்டி 7400. ஏ26-இல் இருக்கும் எக்ஸினோஸ் 1380 இந்த நான்கில் பழசு, வேகமும் குறைவு. இதுதான் நான் சொல்லும் போனின் நிஜமான குறை. 8 ஜிபி ரேம் உள்ளதையே எடுங்கள். "8 பிளஸ் 8 ஜிபி" என்று எழுதியிருந்தால் இரண்டாவது 8 ரேம் இல்லை, ஸ்டோரேஜில் கொஞ்சத்தை ரேம் போல நடிக்க வைப்பது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேமராவில்தான் உங்கள் ஆசை இருக்கிறது என்று கேள்வியைப் படித்தபோதே தெரிந்தது. நான்கிலும் மெயின் கேமரா 50 எம்பி, அதாவது மெகாபிக்சல். அந்த 50-இல் நான்கு நான்கு புள்ளியை ஒன்றாகச் சேர்த்துத்தான் படம் வரும், உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 12.5 எம்பி. 108, 200 என்று போட்டிருக்கும் போன்களும் வழக்கமாக 12 பக்கம்தான் வந்து நிற்கும். அதனால் எம்பியை விடுங்கள். ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள், கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும் அமைப்பு அது, இந்த நான்கிலும் இருக்கிறது. இரண்டாவது கேமராக்களில்தான் வித்தியாசம். விவோவில் இருப்பது தூரத்தை அளக்கும் ஒரு 2 எம்பி டெப்த் சென்சார், ஏ26-இல் 8 எம்பி அகலக் கோணமும் மிக அருகில் எடுக்கும் 2 எம்பி மேக்ரோவும். 2 எம்பி கேமராக்கள் எண்ணிக்கைக்காக வைப்பவை என்பதுதான் என் எண்ணம். நத்திங்கில் தூரத்தில் இருப்பதை 2 மடங்கு அருகே காட்டும் 50 எம்பி டெலிஃபோட்டோ இருக்கிறது. பள்ளி விழாவில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் மகளை எடுக்கும்போது அது உண்மையாகவே உதவும். அதனால்தான் இரண்டாவது தேர்வாக அதை வைத்தேன்.

கடையில் டெமோ போனைக் கொடுத்தால் ஜன்னல் பக்கம் போய்ப் பூவைப் படம் எடுக்காதீர்கள், எல்லா போனும் அதை நன்றாக எடுக்கும். கூட வந்தவரை டியூப் லைட் கீழே நின்று கையை ஆட்டச் சொல்லுங்கள். ஷட்டரைத் தொட்ட நொடியும் படம் விழுந்த நொடியும் ஒன்றாக இருக்கிறதா, விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். குழந்தை நமக்காக நிற்காது. அடுத்து, பியூட்டி மோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்கள் கையை ஒரு வெள்ளைப் பேப்பர் பக்கத்தில் வைத்து எடுங்கள். பேப்பர் வெள்ளையாகவும் கை உங்கள் கையின் நிறத்திலும் இருக்க வேண்டும். அணைத்த பிறகும் தோலை வெளுப்பாக்கிக் காட்டும் போன்கள் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து மகள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவள் முகம் அவளுடையதாக இருக்க வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

அப்படியே மெசேஜைத் திறந்து தமிழில் இரண்டு வரி தட்டிப் பாருங்கள். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டை எல்லா ஆண்ட்ராய்டிலும் போட்டுக்கொள்ளலாம், ஐபோனில் அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டுகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. எழுத்தளவைப் பெரிதாக்கி, மெனுவைத் தமிழுக்கு மாற்றினால் வார்த்தைகள் பாதியில் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். நான்கு வருஷம் கழித்து இந்த போன் உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் கைக்குத்தான் போகும்.

இனி ஐபோன் 13. ஆபீஸ்காரர் சொன்னது முட்டாள்தனமில்லை. 2021 போனாக இருந்தும் ஐஓஎஸ் 26 கிடைக்கிறது, வீடியோ இந்த நான்கையும்விட நன்றாக வரும். சிக்கல் போனில் இல்லை, பழைய போனைச் சரிசெய்து மறுபடி விற்பதைச் சொல்லும் "ரீஃபர்பிஷ்டு" என்ற வார்த்தையில். நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உடைந்த போனுக்குக் காப்பி டிஸ்ப்ளே, புது பின்கண்ணாடி, மலிவு பேட்டரி போட்டுப் பளபளவென்று பெட்டியில் வைத்துத் தருவதும் நடக்கிறது. பார்த்தே தீர வேண்டும் என்றால் செட்டிங், ஜெனரல், அபௌட் போங்கள். பாகம் மாற்றியிருந்தால் அங்கே அதன் வரலாறு வரும், கம்பெனிப் பாகம் இல்லையென்றால் அன்னோன் பார்ட் என்று காட்டும். டிஸ்ப்ளே செட்டிங்கில், சுற்று வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் காணாமல் போயிருந்தால் திரை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி ஹெல்த் 85-க்குக் கீழே என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு முழுதாக வெளியேறியிருக்க வேண்டும், அவரை எதிரில் வைத்துக்கொண்டே ரீசெட் செய்து பாருங்கள். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் குறித்து, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், திருட்டு என்று முடக்கப்பட்ட போனாக இருந்தால் தெரிந்துவிடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். பில் இல்லாத போனை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இத்தனையும் தேறினாலும் நான்கு வருஷக் கணக்குக்கு, அந்தச் சின்ன பேட்டரியோடு, உங்கள் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவருகிறேன் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஐபோன் 14-இலிருந்து அங்கே விற்கும் போன்களில் சிம் போடும் இடமே இல்லை, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இசிம்தான்.

விலை. இந்த நான்கின் அடிப்படை மாடல்களும் வெளியானபோது ஏறக்குறைய 22,000-க்கும் 25,000-க்கும் இடையில் இருந்தவை, தசரா, தீபாவளி சமயத்தில் கார்டு தள்ளுபடியோடு இறங்கும். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் கழித்துக் காட்டுகிறார்கள், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்கள் தலையில். 24,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் ஆறு மாதத் தவணையாகப் போட்டால் வட்டி ஆயிரம் சொச்சம், அதற்கு ஜிஎஸ்டி 180 போல, ஃபீஸ் 199 என்றால் அதன் வரியோடு 235. மொத்தம் நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கையில் காசு இல்லாதபோது அது நியாயமான செலவுதான், ஆனால் சும்மா வருவதில்லை.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதல் சீலிலிருந்து வீடியோ எடுங்கள். பெட்டி மேல் உள்ள ஐஎம்இஐ, *#06# போட்டு வரும் எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம்மும் போட்டு, அத்திப்பள்ளி வரை ஒருமுறை போய்வந்து கால் பேசிப் பாருங்கள். வெள்ளைத் திரை ஒன்றைத் திறந்து இருட்டறையில் கறை, கோடு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு நாள்தான், அதற்குள் இதெல்லாம் முடிய வேண்டும். மாற்றித் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்.

பழைய போனை ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள். ஜிபேயும் பேங்க் ஆப்பும் புது போனில் மறுபடி சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவாக வேண்டும், சில பேங்க் ஆப்களில் முதல் நாள் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கும், மாசச் சம்பளம் வரும் நாளில் போனை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப் பேக்கப் முழுசாக வந்ததா, மகளின் படங்கள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ரீசெட் செய்யுங்கள். ஏ26 எடுத்தால் ஒரு மெமரி கார்டு போட இடம் இருக்கிறது, இரண்டாவது சிம்முக்கான அதே இடம்தான். நத்திங்கில் அது கிடையாது, அதனால் அதில் 256 ஜிபி எடுங்கள். எதை முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள், ஓசூரில் சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளேக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து கேட்பவருக்கும் உதவும்.